சாதாரண வீடு

1
இந்தக் கதை என் அண்ணன் வீட்டிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன், சரக்கு சும்மா கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டா நிற்பான்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நகரம் மெல்ல மெல்லப் புறநகரை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு’

(வேண்டாம். வீட்டு வரிக்கு இவ்வளவு பீடிகை தாங்காது.)

விஷயம் இதுதான். நகராட்சி வரி விகிதத்தை மாற்றிவிட்டது. வீடு ‘சாதாரணம்’ என்று பதிவானால் பழைய வரி. ‘உயர்தரம்’ என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எது என்று பார்த்து எழுத ஓர் அலுவலர் வருகிறார்.

2
வாங்கும்போது சரக்கைப் பழி, விற்கும்போது புகழ். இது எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு புகட்டப்படுவது. வரி கட்டுவதும் வாங்குவதுதானே? அண்ணன் நல்ல திரைச்சீலைகளைக் கழற்றி ஒளித்துவைத்தான்.

“நீ வாயே திறக்காத. நான் பாத்துக்கறேன்.”

“பேரம் பேச இதென்ன கடையா?” என்றாள் அண்ணி. அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் அவள் நின்று பார்த்து இடம் குறித்தது.*

* இந்த இடத்தில் அவள் கண்ணில் ஒரு துளி நீர் வைத்திருந்தேன். படித்தால் என்னை உதைப்பாள். எடுத்துவிட்டேன்.

3
அலுவலரை லஞ்சம் வாங்குபவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனிதர் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

அண்ணன் ஆரம்பித்தான். “மழை வந்தா ஒழுகும் சார். கதவு சாத்தாது. சமையலறையில ஒரே புழுக்கம். பேருக்குத்தான் வீடு.”

“பாத்தாலே தெரியுதுங்க,” என்றார் அலுவலர், நிஜமான அனுதாபத்தோடு. “ஜன்னலெல்லாம்கூட யோசிக்காம வெச்சுட்டாங்க போல. சாதாரணம்னே போட்டுடறேன்.”

அண்ணன் முகத்தில் பேரம் படிந்த களை. அண்ணி எழுந்தாள்.

“எந்த ஜன்னல்?”

“அட, விடேன்.”

“நீங்க சும்மா இருங்க. சார், இங்க வந்து நில்லுங்க.” சமையலறை ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்து அலுவலர் கையிலிருந்த தாள்களைப் புரட்டியது. “எதிர்ல அந்த ஜன்னல் இருக்கறதால வர்ற காத்து. பகல்ல நாங்க ஃபேனே போடறதில்ல. யோசிக்காம வெச்சதா இது? கதவையும் சாத்திப் பாருங்க.”

அலுவலர் ஒரு விரலால் தள்ளினார். வெண்ணெய் மாதிரிச் சாத்திக்கொண்டது.

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். “எதுங்க நிஜம்?”

4
கைவசம் உள்ள முடிவுகள்:

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி “உயர்தரம்னே எழுதுங்க” என்கிறான். (அழகு. ஆனால் எனக்கு அவனைத் தெரியும்.)

அண்ணி சுதாரித்துக்கொண்டு, “ஆனா ஒழுகறது நிஜம்தான்” என்கிறாள். (சிரிப்பு வரும். ஆனால் அண்ணி அண்ணியாக இருக்கமாட்டாள்.)

நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் ஜன்னலருகே போய், சட்டைக் கழுத்தைத் தளர்த்திவிட்டுக்கொண்டு நின்றான். “நல்ல காத்துதான்,” என்றான். வாங்குகிற இடத்தில் அவன் சரக்கைப் புகழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணி சிரித்தாள். அலுவலரும் அந்தக் காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு, பேனாவைத் திறந்தார்.

அவர் எழுதியது எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தேன், நாடா முனையோடு. ஆனால் முதலில் விலை சொன்னவன் தோற்பான் என்று எங்கள் அப்பா சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள்.