டயர் பாத்தியில் தக்காளி

வில்ஃப்ரெதோ தோட்டம் போடப்போகிறேன் என்றபோது எனெய்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. கட்டிய நாளிலிருந்து ஒரு செடிக்குச் சொம்புத் தண்ணீர் ஊற்றியவனில்லை அவள் புருஷன். ஆனால் அந்தத் தீவுக்கு ரஷ்யாக்காரன் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதிலிருந்து அவன் ஓட்டிய லாரி கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது; ரேஷன் அரிசி பாதி மாதத்துக்குக்கூடப் போதவில்லை. சும்மா இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டாள்.

மனுஷன் பேய் பிடித்தவன் மாதிரி வேலை செய்தான். பழைய லாரி டயர்களை உருட்டி வந்து கொல்லையில் போட்டு மண் நிரப்பினான். உரம் எந்தக் கடையிலும் கிடையாது. குதிரைச் சாணி, வாழைத்தோல், காப்பிச் சக்கை எல்லாம் மூலையில் குவிந்து மக்கின. பூச்சிக்குச் சுருட்டுத் துண்டு ஊறிய தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நல்லா பாத்துக்கோ. வெயில் ஏறினப்புறம் தண்ணி ஊத்தாதே."

"அதான் நீ இருக்கியே, நீயே ஊத்து."

அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட ஒழுங்காக உட்காராமல், எழுந்து எழுந்து போய்க் கடலைப் பார்த்தான்.

பக்கத்து வீட்டு ஒதாலிஸ் ஒருநாள் மிளகாய் கேட்டு வந்தாள். பக்கத்துக் கோஹிமார் கரையில் ஜனங்கள் பட்டப்பகலிலேயே மிதவை கட்டிக் கடல் தாண்டி மயாமிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆகஸ்ட் அது. போலீஸ் வேடிக்கை பார்த்தது.

"டயர் இத்தனை இருக்கே அக்கா, உள்ள இருந்த ட்யூபெல்லாம் எங்க? கரையில ட்யூபுக்கு அடிதடி நடக்குது!"

எனெய்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒதாலிஸை அனுப்பிவிட்டுக் கொல்லை முழுக்கத் தேடினாள். உரக்குவியலுக்குப் பின்னால், வாழையிலைக்கு அடியில் இருந்தது. ஒட்டுப்போட்ட ட்யூபுகளை ஒரு பழைய கதவோடு கயிற்றால் இறுக்கியிருந்தான். ஒரு ஆள் படுக்கலாம். ஒரே ஒரு ஆள்!

"அடப்பாவி" என்றாள் சத்தமாகவே. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேராக அடுக்களைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தாள்.

சாயங்காலம் வந்தவன் வழக்கம்போல முதலில் உரக்குவியலுக்குத்தான் போனான். திரும்பியபோது முகத்தில் ரத்தமில்லை. தக்காளிச் செடி ஒவ்வொன்றும் கறுப்பு ரப்பர் துண்டால் கம்போடு கட்டப்பட்டு நிமிர்ந்து நின்றது.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"செடி சாயுது, கட்டினேன். ஏன், நீ அதைச் சொல்லித் தரலையே?"

அவன் டயர் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"போய்ச் சேர்ந்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கலாம்னுதான்... அதுவரைக்கும் நீ பட்டினி கிடக்கக் கூடாதில்ல? தோட்டம் போட்டதே அதுக்குத்தான்."

அவளுக்கு அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

"நீ கடலோட போனப்புறம் இந்தத் தக்காளி எனக்குத் தொண்டையில இறங்குமாடா?"

கையில் மிச்சமிருந்த ரப்பர் துண்டை அவன் மடியில் எறிந்தாள். ஓரத்தில் ஒரு செடி கட்டாமல் சாய்ந்து கிடந்தது.

"அதை நீ கட்டு."

வில்ஃப்ரெதோ குனிந்து முடிச்சுப் போட்டான். அது அவிழ்ந்தது. மறுபடியும் போட்டான். கண் மட்டும் கடல் பக்கம் போய்ப் போய் வந்தது. எனெய்தா கத்தியைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றாள்.