முப்பத்தைந்து டிகிரி

தெருக்கோடி வீட்டு அசன் முகம்மது மாமா கொண்டுவந்த பொட்டலத்தைப் பார்த்ததும் ரைஹானத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. உடன்குடிக் கருப்பட்டி. ஓலைப்பெட்டியில் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"சுஹைல் எங்கனம்மா? மாடியிலயா? இத அவன் பெட்டியில ஒரு ஓரமா வைக்கச் சொல்லு. கத்தார்ல எம்மவன் கருப்பட்டிக் காப்பி இல்லாமச் சாவுதான்."

"யாரு பெட்டியில மாமா?"

"உம் மாப்பிள்ள பெட்டியிலதான். வார வெள்ளிக்கிழம பயணம்னு சொன்னானே! இன்னைக்குப் பயண விருந்துன்னுல்லா நெனச்சேன். தெருமுனை வரைக்கும் கறி வாசம் தூக்குது."

மேலப்பாளையத்தில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார். அந்த வீடுகளிலிருந்து பொட்டலங்கள் அவர் பெட்டியைத் தேடி வரும். தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. கட்டிய பெண்சாதிக்கு மட்டும் சொல்லவில்லை.

அவர் போனதும் ரைஹானத் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். மாமியார் ஆசியா உம்மாளின் அரிவாள்மணை நின்றுவிட்டிருந்தது.

"மாமி, உங்களுக்குத் தெரியுமா?"

"நான் அவன்ட்ட அப்பமே சொன்னேன், மொதல்ல அவகிட்டச் சொல்லிருலேன்னு." மாமியார் வெங்காயத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

ரைஹானத்துக்குக் காதுமடல் எரிந்தது. கத்தாரிலிருந்து ஊர் வந்த முதல் வாரம் சுஹைல் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. 'இனிமே பயணம் கெடயாது ரைஹான். அம்பை ரோட்டுல சுட்ட கறிக் கடை போடுவோம். நான் சுடுதேன், நீ கல்லாவுல உக்காரு.' அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நர்சரிப் பள்ளி வேலையை விட்டாள். கடைக்கு முன்னோட்டம் என்றுதான் இன்றைக்குக் கிடாத் தொடைக்கு மசாலா அரைத்துக் கொடுத்தாள்.

பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள்.

மொட்டைமாடியில் சுஹைல் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கரியடுப்பு அந்தக் கோடியில் தானே புகைந்துகொண்டிருந்தது. அவன் கண் கறியில் இல்லை, போனில் இருந்தது. அடுப்பிலிருந்த கிடாத் தொடைக்குள் விரல்நீள எஃகுக் கம்பி ஒன்று குத்தியிருந்தது. கறியின் உள்சூட்டை வயரே இல்லாமல் போனுக்கு அனுப்பும் கருவி அது. பெட்டியிலிருந்து அவன் அதை எடுத்த அன்றைக்கு, "ஆட்டுக்குக் காய்ச்சலாலே?" என்று மாமியார் கேட்க, வீடே சிரித்தது. ரைஹானத்தும்தான் சிரித்தாள்.

"வா வா, எழுபதத் தாண்டிட்டு. எம்பத்தஞ்சு வந்தா போனே கூப்பிடும்."

"வெள்ளிக்கிழம எங்கன போறிய மச்சான்?"

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். எழுந்துவிட்டான்.

"ரைஹான், நானே சொல்லணும்னுதான்..."

"எப்ப? ஏர்போர்ட்ல நின்னா?"

"ரெண்டே வருசம். கம்பெனில திரும்பக் கூப்பிடுதாவ. கடை எங்கயும் போவாது, நீ நடத்து. நீ கம்பிய மட்டும் குத்தி வையி. சூட்ட நான் அங்கன இருந்து பாத்துக்கிடுதேன். வீட்டு வைஃபைல இணைச்சிட்டேன், கத்தார்லயும் தெரியும். எப்பத் திருப்பணும், எப்ப எறக்கணும்னு போன்ல சொல்லுதேன்."

அவன் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"பிள்ள மொத மொத நடந்தத போன்ல பாத்திய. வாசல்ல கேமரா மாட்டி, நான் யாருட்டப் பேசுதேன்னு போன்ல பாத்திய. கேஸ அடைச்சியான்னு அங்கன இருந்து கேட்டிய. இப்பம் கறி வேவுததையும் போன்லதான் பாக்கணுமா? ஏன், நான் வேவுதது ஒங்களுக்குப் பத்தலியா?"

"பைய பேசு, கீழ கேக்கும்."

"கேக்கட்டும்! எனக்கு ஒருத்திக்குத்தான மறைக்கணும்? ஊருக்குத்தான் தெரியுமே!"

துணியைப் பிடித்துக் கம்பியை உருவினாள். பக்கத்து வாளித் தண்ணீரில் போட்டாள், 'சுர்' என்றது. அவன் பதறி ஓடிவந்தான்.

"ஏய், கெட்டுப்போவும்!"

அவள் அதை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள்.

"போனப் பாருங்க. என்ன காட்டுது?"

"வெளையாடாத."

"பாருங்கன்னா!"

பார்த்தான். எண் மெல்ல ஏறி நின்றது. "முப்பத்தஞ்சு."

"அதுதான் நான். அங்கன இருந்து பாத்தா நான் இம்புட்டுதான் தெரிவேன். அழுதாலும் முப்பத்தஞ்சு, சிரிச்சாலும் முப்பத்தஞ்சு."

அடுப்பில் கொழுப்பு சொட்டித் தீ எழும்பியது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பயமா இருக்கு ரைஹான்," என்றான் கடைசியில். "கடை ஓடலைன்னா?"

"ஓடலைன்னா ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து அழுவோம். இம்புட்டு நாளும் நான் தனியாத்தான அழுதேன்?" பொட்டலத்தை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "பெட்டியில வைக்கணும்னா வையுங்க. ஆனா அந்தக் கம்பியும் அடுப்பும் ஒங்க கூடவே வரட்டும். நான் பள்ளிக்கூடத்துல கை கால்ல விழுந்தாவது வேலைக்குப் போயிருவேன். இல்லையா, மாமா வீட்டுல திருப்பிக் குடுத்துட்டு வாங்க. கறி வேவுததுக்குள்ள ஒண்ணச் செய்யுங்க."

திருப்பிக் கொடுப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். பயணம் சொன்ன வாயால், பயணம் இல்லை என்று தெருவுக்கே சொல்வது. பாதி ஊர் சிரிக்கும்.

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு போனை நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கினான்.

ரைஹானத் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றாள். அவன் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்குவது தெரிந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "என்னலே சுஹைல், பொட்டலத்தத் தூக்கிட்டு எங்க? பயணம் வெள்ளிக்கிழமதான?"

"பயணம் இல்ல காக்கா."

"என்னது?"

"பயணம் இல்லங்கேன்!" இந்த முறை தெருவே கேட்கும்படி கத்தினான். கத்தியதில் எரிச்சலும் இருந்தது.

இருக்கட்டும். அவளுக்கும் இன்னும் அடங்கவில்லை. கறியைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கரியாகத் தீய்ந்திருந்தது. கத்தியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பெரிய துண்டாக அறுத்து, அவனுடைய தட்டில் வைத்து மூடினாள்.