அச்சைப் பார்த்துக் கற்ற கையெழுத்து

கண்ணாடி செத்துப்போனபோது கடன் சங்கத்தில் அவன் வைத்திருந்த பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஜாமீன் கைநாட்டு என்னுடையது.

கண்ணாடி என்பது நாங்கள் வைத்த பெயர். டயர் வேகிற இரும்பு அச்சுகளைச் சூடு ஆறுமுன் சுரண்டித் துடைப்பது எங்கள் இருவர் வேலை. டயரில் எழுத்து நேராக விழ வேண்டுமென்றால் அச்சுக்குள் இடம் வலம் மாறித்தான் வெட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவன், அதைப் பார்த்தே எழுதப் பழகிவிட்டான்.

"உன் பேரைப் படிக்க டீக்கடைக் கண்ணாடியைக் கழட்டிட்டு வரணும்டா" என்பேன்.

"கைநாட்டுக்கு வாயைப் பாரு" என்பான்.

ஒரு நாள் பகல் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அச்சின் மேலேயே கவிழ்ந்தான். இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை. கன்னம் வெந்து, அதில் இரண்டு மூன்று எழுத்து தெரிந்தது. டயரில் இருப்பது போலவே நேராக.

அடுத்த வாரம் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த கணக்கர் கடன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கையெழுத்தா, கோழி கிளறினதா?"

"அவன் அப்படித்தான் சார் போடுவான்."

குரலைத் தணித்தார். நல்ல மனுஷர்தான். "அண்ணே, இது அவர் போட்டதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தாள் செல்லாது. கடன் உங்க தலையில விழாது."

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சம்பளத்தில் மாதம் ஆயிரம் பிடித்தால் வாடகைக்கே இழுபறி.

"சாவுப் பணம் பெண்டாட்டிக்குன்னு அவன் எழுதிக் குடுத்த தாள்?" என்றேன்.

"அதுலயும் இதே கிறுக்கல்தான். இது பொய்னா அதுவும் பொய். பணம் அவரோட அண்ணனுக்குப் போகும்."

கண்ணாடியும் அவன் பெண்டாட்டியும் கல்யாணத்தைப் பதியவில்லை. கைக்குழந்தையோடு நின்றவளுக்கு அந்தத் தாள் ஒன்றுதான் பிடிமானம். அண்ணன்காரன் சாவுக்கே எட்டிப்பார்க்காதவன்.

"அவன் கையெழுத்துதான் சார்" என்றேன்.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஊருக்கெல்லாம் ஜாமீன் போடுற ஆளு. நம்ம அடுப்புக்கு யாருய்யா ஜாமீன்?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் கேட்டதில் தப்பில்லை.

பணம் கைக்கு வந்ததும் கண்ணாடியின் பெண்டாட்டி தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். போகிற வழியில் வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, அவரு உங்களுக்கு எதாச்சும் தரணுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ."

அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் ஆயிரம் குறைந்தது. மனைவி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். எனக்குத் துணைக்கு வேறு ஆள் போடவில்லை. இரண்டு பேர் அச்சையும் நானே துடைத்தேன். சாயங்காலம் சங்கத்துப் பின்னறையில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். இனிமேல் எதிலும் தெரியாமல் கைநாட்டு வைக்கக் கூடாது என்று போய் உட்கார்ந்தேன். பாதி நாள் தூங்கி வழிந்தேன்.

கடைசி மாதம் அறுநூற்று நாற்பது பிடித்தார்கள். கணக்கர் பழக்கத்தில் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"பேனா குடுங்க சார்."

என் பெயரை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு முத்திரைக் கட்டையை எடுத்தார். அடியில் ரப்பர் எழுத்து இடம் வலம் மாறியிருந்தது. அவர் குத்துவதற்கு முன்பே வாசித்துவிட்டேன்: தீர்ந்தது.