மஞ்சள் என்று சொன்னது

அன்று மாலையும் லீலாவதி சோற்றில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பிசைந்தாள். ஃபிஜித் தீவின் ட்ரெகேட்டியில், அவர்கள் வயலிலேயே விளைந்த அரிசி. சாப்பிட வந்த ஐந்து வயது ஷைனல் வாசலில் இருந்த வாளியில் இடித்துக்கொண்டு விழுந்தாள். ஒரு மாதமாக அதை ஊட்டியும், பொழுது சாய்ந்தால் குழந்தைக்குக் கண் தெரியவில்லை.

மறுநாளே மகளோடு லம்பாசாவுக்கு பஸ் ஏறினாள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே வந்த டாக்டர் சுந்தரராஜனும், இரண்டாயிரமாம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கிளம்பிய மற்ற இந்தியர்களைப் போல, நியூசிலாந்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சாப், நீங்க சொன்ன மஞ்ச அரிசிதான் தெனம் குடுக்கிறேன். கண்ணு சரியாவலையே!"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"கோயில் திருவிழாவுல. மஞ்ச அரிசி வரப்போவுது, கண்ணுக்கு நல்லதுன்னு."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடடா! அது மஞ்ச நெறத்து அரிசிம்மா. ஹர்தித் தூள் போட்டது இல்ல."

லீலாவதிக்குத் தெரிந்தது கோயில் தமிழ். அதில் மஞ்சள் என்றால் மாரியம்மனுக்குப் பூசும் தூள் மட்டுந்தான். நிறத்துக்கு அவள் வீட்டில் பேசும் ஃபிஜி இந்தியில் 'பியர்' என்பார்கள்.

"அப்போ அந்த அரிசி எங்க கெடைக்கும்?"

"இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. வேற செடியோட குணத்த நெல்லுக்குள்ள சேத்திருக்காங்க. கண்ணுக்கு வேண்டிய சத்து அரிசியிலயே வரும்."

"நெல்லுக்குள்ள வேற செடியா? அது நல்லதா, கெட்டதா?"

"சோதிச்சுப் பாக்காம சொல்ல முடியாது."

இருக்கிற நாடு நிலைக்குமா, போக நினைக்கும் ஆஸ்திரேலியா கூப்பிடுமா, லீலாவதிக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது அரிசியுமா?

"வீட்டுல பப்பாளி, பூசணி, கீரை இல்லையா?"

"நெறைய இருக்கு சாப். பாஸ்போர்ட் எடுக்கணும்னு எல்லாம் மார்க்கெட்டுக்குப்…" பாதியில் நிறுத்திவிட்டாள்.

டாக்டர் குழந்தைக்கு வைட்டமின் ஏ சொட்டுமருந்து கொடுத்தார். "பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போனது என் தப்பும்மா."

அவள் வீடு திரும்பியபோது கணவன் சதேந்திரா சந்தைக்குப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தான். கூடையிலிருந்து பெரிய பப்பாளியை எடுத்தாள்.

"அரே, அது விக்கிறதுக்கு!"

"ஆஸ்திரேலியா காத்திருக்கும். பொண்ணு கண்ணு காத்திருக்காது. அரைகுறையாக் கேட்டு ஒரு மாசத்தப் பாழாக்கிட்டேன். புரியலன்னா அங்கேயே திருப்பிக் கேக்கணும். நாளைக்கு என்ன வந்தாலும் சரி, வீட்டுல இருக்கிற சத்த இன்னைக்கே புள்ளைக்குக் குடுக்கணும்."

ஷைனல் தட்டை எட்டிப் பார்த்தாள். "மம்மி, பியர் சோறு எங்க?"

லீலாவதி பப்பாளியைப் பிளந்து ஒரு துண்டை நீட்டினாள்.

"இந்தா, இதுவும் பியர்தான்."