முக்கால் தொட்டி

"மலை சரிஞ்சு ரோட்டுல விழுந்திருக்கு. ஒரு மணி நேரம்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கொடி காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த பெண் அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள். அது காலையில். மதியம் ஆன பிறகும் அவள் அதே ஒரு மணி நேரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நெடுஞ்சாலை ஒருபுறம் செங்குத்துப் பாறைக்கும் மறுபுறம் லாக்சா ஆற்றுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு போகிறது. கடைசியாகப் பார்த்த ஊர் எங்கோ பின்னால் இருந்தது. மலைக்கு அந்தப்பக்கம் மிசூலாவை நெருங்கும்வரை முன்னாலும் ஊர் கிடையாது. சின்னக் கார்கள் சில முன்னும் பின்னும் ஒடித்துத் திரும்பிப் போய்விட்டன. ராபர்ட்டாவும் அவள் புருஷன் லைலும் வந்த, சமையலறையும் கழிவறையும் கொண்ட மோட்டார்ஹோமை அங்கே திருப்புவதென்றால் பாதி வண்டி ஆற்றுக்கு மேலே தொங்கும்.

லைலுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சரிவில் தொலைபேசிக் கம்பமும் சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவன் பழைய பூட்ஸைத் தேட ஆரம்பித்துவிட்டான். வாழ்நாள் முழுக்கக் கம்பம் ஏறிப் பிழைத்தவன்.

"போய் ஒரு கை குடுத்துட்டு வரேன் பெர்ட்டா. நீ எதையும் தொடாதே."

"எதைத் தொடாதே?"

"எதையும்தான். கக்கூஸ் தொட்டி இப்பவே முக்கால் ஆயிடுச்சு. லோலோ ஊருக்குப் போய் நான் இறக்கிக்கறேன். நீ மகாராணி மாதிரி கால்மேல் கால் போட்டுட்டு உக்காரு."

"நான் மகாராணிதான்."

"அதான் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு அறுபத்தொன்று, அவனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இதுதான் சேர்ந்து போகும் முதல் நீண்ட பயணம். கிளம்புவதற்கு முன்பே ராபர்ட்டா ஒரு சட்டம் போட்டிருந்தாள்: வண்டிக் கழிவறையில் சின்ன வேலை மட்டும், பெரிய வேலைக்குப் பெட்ரோல் பங்கு, கடை, முகாமின் பொதுக் கழிவறை. தொட்டி சீக்கிரம் நிறையாது, சுத்தம் செய்வது சுலபம் என்று காரணமும் சொன்னாள். லைல் தலையாட்டினான். உண்மைக் காரணம் அந்த மெல்லிய பலகைச் சுவர். பல் மருத்துவமனையில் முப்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் முகம் சுளிக்காமல் பார்த்தவள் அவள். ஆனால் முதல் புருஷன் ஜீன் வீட்டில் இருக்கும்போது கழிவறைக்குள் குழாயைத் திறந்து ஓடவிட்டுத்தான் உட்காருவாள். அவள் கழிவறையிலிருந்து வெளியே வந்ததும் அவன் ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரிக்க வைத்திருந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவள் குழாய்ச் சத்தத்துக்குப் பின்னாலேயே வாழ்ந்துவிட்டாள். வண்டியில் அப்படித் தண்ணீரை ஓடவிட்டால் நல்ல தண்ணீரும் தீரும், கழுவிய தண்ணீர் சேரும் தொட்டியும் நிறையும். ஆகவே சட்டம்.

கதவு தட்டப்பட்டது. வெளியே பராமரிப்பாளர் சீருடையில் ஒரு பெண், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடைவண்டியோடு ஒரு கிழவி. பின்னால் நின்ற வெள்ளை வேனிலிருந்து வந்திருந்தார்கள். லூயிஸ்டனில் முதியோர் இல்லம். மிசூலாவில் ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சி பார்க்கக் கிளம்பியவர்கள்.

"மேடம், என் பேர் யொலாண்டா. கேக்கவே கூச்சமா இருக்கு. ஆம்பளைங்க எங்கயாவது ஒதுங்கிடறாங்க. இவங்களை நான் எந்தப் பாறையில ஏத்தறது, எந்தப் பள்ளத்துல இறக்கறது?"

ராபர்ட்டா வாயைத் திறப்பதற்குள் கிழவி குறுக்கிட்டாள். "கூச்சப்படற கட்டத்தையெல்லாம் நான் தாண்டிட்டேன் கண்ணு. சீக்கிரம் சொல்லு, ஆமாவா இல்லையா?"

அவள் பெயர் இங்கா. படியில் ஏற்ற இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். உள்ளே போன இங்கா கதவைச் சாத்தக்கூட இல்லை. "சாத்தினா திரும்ப எந்திரிக்க மாட்டேன்" என்றாள். அப்படியே உட்கார்ந்துகொண்டு, சமையல் மேடைமேலிருந்த ஆப்பிள் எந்த ஊர் ஆப்பிள் என்று விசாரித்தாள். ராபர்ட்டா முதுகைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னாள். பாதிப் பேச்சில், தான் மட்டும்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

இங்காவுக்குப் பிறகு வேனிலிருந்து ஐந்து பேர். அதைப் பார்த்துக் கைக்குழந்தையோடு ஒருத்தி. அப்புறம் ஒரு கல்லூரிப் பெண், இரண்டு சகோதரிகள், சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர். வண்டிக்கு வெளியே வரிசையே நின்றுவிட்டது. ராபர்ட்டா கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "காகிதத்தைக் குழிக்குள்ள போடாதீங்க, பக்கத்துல பை இருக்கு. தண்ணி விடற மிதிய ஒரே ஒரு தடவை, மூணு எண்ணற வரைக்கும் மட்டும் மிதிங்க. கை கழுவத் தண்ணி கிடையாது, இந்த ஈரத்துணி எடுத்துக்கங்க." சொல்லும்போது அவள் குரல் தன்னாலேயே பழைய மருத்துவமனைக் குரலாகிவிட்டது. வாயைப் பெரிசாத் திறங்க, இப்போ துப்புங்க. அந்தக் குரலுக்கு யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனாலும் பயந்து பயந்து மிதிப்பவர்கள் நடுவே நான்கு தடவை மிதித்துவிட்டு வரும் சிலரும் இருக்கத்தான் செய்தார்கள்.

வெயில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் சாய்ந்தபோது சமையல் மேடைக்கு மேலே தொட்டியின் அளவு காட்டும் பலகையில் கடைசியான நான்காவது விளக்கும் எரிந்தது. நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த விளக்கு பொய் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். தொட்டிச் சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் போதும், காலித் தொட்டியைக்கூட நிறைந்தது என்று சொல்லிவிடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மிதியை அழுத்தி, குழிக்குள் குனிந்து பார்த்தாள். இந்தமுறை பொய் இல்லை. ஒரு சாண் இறங்கியதுமே கரும்பளபளப்பு தெரிந்தது. வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இங்கா இரண்டாவது தடவையாக வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா? நிறைஞ்சிடுச்சா?" என்று கேட்டவன் ராய்ஸ். பின்னால் நின்ற பிக்கப்பின் சொந்தக்காரன். மரம் வெட்டும் குழுவில் வேலை. வரிசைக்குப் பக்கத்திலேயே வெகுநேரமாக உலாத்திக்கொண்டிருந்தானே தவிர, வரிசையில் நிற்கவில்லை. "இதுக்குப் போய் ஏன்மா முழிக்கறீங்க? ஆறு பக்கத்துலயே ஓடுது. குழாயப் போட்டுக் கைப்பிடிய இழுங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள மொத்தமும் அடிச்சுட்டுப் போயிடும். யாரு பாக்கப் போறா?"

வரிசையில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைக்காரி தரையைப் பார்த்தாள். ராபர்ட்டாவும் ஒரு கணம் ஆற்றைப் பார்த்தாள். கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும்படி அப்படியொரு தண்ணீர். இழுத்தால் அரை நிமிஷ வேலை. எல்லோருடைய கஷ்டமும் தீரும்.

"நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றாள். "இது எங்க வண்டி அழுக்கு. ஊருக்குள்ள போய், அதுக்குன்னு இருக்கற குழியிலதான் இறங்கும். ராய்ஸ், கையுறை இருக்கா?"

"என்கிட்டயா? எதுக்கு?"

"வண்டிக்குப் பின்னால ஏணியில ஒரு நீலப் பெட்டி கட்டியிருக்கு. அவுத்துட்டு வாங்க."

அது சக்கரம் வைத்த சின்னத் தொட்டி. முகாமில் கழிவு இறக்கும் இடம் தூரமாக இருந்தால் லைல் அதில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உருட்டிக்கொண்டு போவான். அவன் அந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதவிக்கு வரட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை, அவனும் கூப்பிட்டதில்லை. இப்போது வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, சொட்டுவதைப் பிடிக்க வாளியை வைத்து, மூடியைத் திருகி எடுத்தாள். குழாயின் ஒரு முனையை வண்டியில் பொருத்திக் கொக்கிகள் இரண்டும் விழுந்தனவா என்று இழுத்துப் பார்த்தாள். மறுமுனையைப் பெட்டியில் மாட்டினாள். ராய்ஸ் பெட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மூச்ச வாயால விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை இரண்டு விரல் அளவுக்கு இழுத்தாள். குழாய் உயிர் வந்ததுபோல் ஒருமுறை குதித்தது. பெட்டிக்குள் விழும் சத்தம் முதலில் அடித்தொண்டையில் இருந்தது. பெட்டி நிறைய நிறைய அது மேலே ஏறியது, பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது ஏறுவதுபோல. அவள் கண்ணை மூடி அதை மட்டும் கேட்டாள். குழாயில் நிற்பதும் பெட்டிக்குள்தான் வந்தாக வேண்டும்; அதற்கும் இடம் விட வேண்டும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று ராய்ஸ் சொல்ல வாயெடுத்தபோது அவள் கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டாள். குழாயைத் தூக்கி வடித்ததும் பெட்டி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மூடியைப் போடும்போது ஒரே ஒரு துளி தெறித்து ராய்ஸின் பூட்ஸில் விழுந்தது.

வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ராபர்ட்டாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் கூச்சத்தால் அல்ல என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

ராய்ஸ் பூட்ஸைப் புல்லில் தேய்த்தான். தேய்த்து முடித்தும் நகராமல் நின்றான். "மேடம்" என்றான் தணிந்த குரலில், "இப்போ இடம் இருக்கில்ல? காலையிலேர்ந்து நானும் அடக்கிட்டேதான் இருக்கேன்."

"இங்காவுக்கு அப்புறம் நில்லுங்க" என்றாள் ராபர்ட்டா.

லைல் திரும்பி வந்தபோது வரிசை கரைந்திருந்தது. உடம்பெல்லாம் மண். பெண்டாட்டி நீல நிறக் கையுறையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெட்டி. அவன் பெட்டியைப் பார்த்தான், வால்வைத் தொட்டுப் பார்த்தான், குனிந்து தரையைப் பார்த்தான். மண் காய்ந்திருந்தது.

"எத்தனை பேரு?"

"எண்ணல. ஊரே வந்துட்டுப் போச்சு."

"கீழ ஒரு சொட்டுகூட இல்லையே. நான் மொத தடவை பண்ணினப்போ முழங்கால் வரைக்கும் நனைஞ்சேன் தெரியுமா?"

"தெரியாது. நீ சொன்னதே இல்லையே."

"சொல்ற விஷயமா அது?"

அவள் கையுறைகளை உரித்துப் பையில் போட்டாள். காலையில் சாப்பிட்டதிலிருந்தே அவள் வயிறு சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அதைக் கேட்க நேரமில்லை. "லைல், நீ இங்கயே உக்காரு. வெளியில போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீரைத் திறக்கவில்லை. காற்றாடியைப் போடவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் அவன் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. அப்படியானால் அவனுக்கும் எல்லாம் கேட்கும். கேட்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த பிறகும் கை ஒருமுறை குழாய்ப் பக்கம் போய்த் திரும்பியது.

"பெர்ட்டா, பீன்ஸ் டப்பா திறக்கட்டுமா?" என்றான் அவன். "பசி உயிர் போகுது."

"இப்போ போய்க் கேக்கற கேள்வியா இது!"

"ஏன், இப்போ என்ன?"

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பொழுது மங்குவதற்கு முன்பே ஒரு தடத்தைத் திறந்துவிட்டார்கள். நிறைந்த பெட்டியை ஏணியில் கட்ட முடியாது. அந்தக் கனத்துக்கு ஏணியே பெயர்ந்து வந்துவிடும். வண்டிக்குள் வைப்பதற்கு லைலே தயங்கினான். ராய்ஸ் பிக்கப்பை அவர்கள் வண்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பின்கதவை இறக்கினான். மூன்று பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். மரம் கட்டும் பட்டைகளை எடுத்து நாலாபுறமும் இறுக்கிக் கட்டினான்.

"லோலோ வரைக்கும் நான் கொண்டாறேன். ஆனா இது என் வண்டியில வந்ததுன்னு என் ஆளுங்க யாருக்கும் தெரியக் கூடாது."

"மெதுவாப் போங்க" என்றாள் ராபர்ட்டா.

"எனக்குச் சொல்லணுமா?"

அன்று வண்டியை அவள்தான் ஓட்டினாள். லைல் பீன்ஸ் டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தான். முன்னால் ராய்ஸ் ஒவ்வொரு வளைவிலும் முட்டைக் கூடை ஏற்றியவன்போல் வேகத்தைக் குறைத்தான். பிக்கப்பின் பின்புறத்தில் நீலப் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தாள்: வெள்ளை வேன், அதற்குப் பின்னால் கார்கள், லாரிகள், ஆற்றோரமாக வளைந்து வளைந்து ஒரே வரிசையாக விளக்குகள். யாரும் முந்தவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் பெட்டி போகும் வேகத்திலேயே எல்லோரும் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.