புரூஃபுக்குப் பிறகு

என் கணவர் எலீஷா ப்ராக்டருக்கு நாக்கில் சனி. கான்சாஸ் சட்டசபைக்கு நின்றார், வாரப் பத்திரிகையும் நடத்தினார். இரண்டிலும் வாயை அடக்கத் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய நிலத்தைக் கர்னல் ஸ்ட்ரூடர் வளைத்துப் போட்டதை எழுதப்போவதாக ஊர்க்கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். மறுநாள் ஸ்ட்ரூடர் ஆள் அனுப்பினான்: வெள்ளிக்கிழமைப் பேப்பரில் மன்னிப்பு வர வேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை சவப்பெட்டி.

அன்று முதல் ஐந்து விவசாயிகள் எங்கள் அச்சுக்கூட வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். காப்பியும் சோள ரொட்டியும் கொடுத்தேன்.

"பயப்படாத தங்கச்சி, எங்களைத் தாண்டித்தான் அவர்கிட்ட வரணும்" என்றார் அவர்களில் மூத்தவரான ஜேபஸ் டன்.

இவர்கள் ஐந்து பேர். ஸ்ட்ரூடரிடம் நாற்பது பேர் இருந்தார்கள்.

"ஏங்க, இந்த ஒரு தடவை விட்டுடுங்களேன்."

"எழுதுறது என் வேலை, லொவினா. கோக்கிறது உன் வேலை. அதைப் பாரு."

ஆமாம், அச்சுக் கோர்ப்பவள் நான். புரூஃப் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சான தாளை அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பதினோரு வருஷமாக என்மேல் அவ்வளவு நம்பிக்கை. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். நான் ஸ்ட்ரூடரைப் பற்றிய பத்தியைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் பெயரில் மன்னிப்பைக் கோர்த்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, அச்சான முதல் தாளை ஜேபஸ்தான் எடுத்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதுக்கா மூணு நாளா மாடு கன்னைக்கூடப் பாக்காம இங்க குந்திக்கிட்டிருந்தோம்?"

"அந்த நிலத்துல இவருக்கும் ஒரு துண்டு குடுத்திருப்பான்" என்று இன்னொருவர் சிரித்தார்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மன்னிப்புத்தான் வந்துவிட்டதே, இனிக் காவல் எதற்கு என்று சும்மா இருந்துவிட்டேன். ஐந்து பேரும் குதிரையேறிப் போனார்கள்.

விடியற்காலையில்தான் வீடு திரும்பியிருந்த எலீஷா, நண்பகலில் தூங்கி எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார். பெஞ்சு காலி.

"எங்க போயிட்டாங்க எல்லாரும்?"

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஸ்ட்ரூடரின் ஆட்கள் மூன்று பேர் குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் பேப்பரை ஆட்டிக் காட்டினான்; மற்ற இருவர் கையிலும் துப்பாக்கி.

"படிச்சோம், எடிட்டரே! உங்க காவல்காரங்களும் படிச்சுட்டாங்க போல!"

எலீஷா என் பக்கம் திரும்பினார்.

"என்ன படிச்சாங்க, லொவினா?"

ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதல் வரியைப் படிக்கத்தான் அவருக்கு நேரம் கிடைத்தது.