காந்த அறைக்கு வெளியே

கடிகாரம், சாவி, போன், பர்ஸ் என்று எல்லாவற்றையும் வாசல் மேசையில் வைத்துவிட்டுத்தான் அணுக்களின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி அறைக்குள் போக வேண்டும். உள்ளே இருக்கும் காந்தம் பேராசிரியர், மாணவர் என்று ஆள் பார்க்காது. சிமெண்ட் ஆய்வு செய்யும் மரிய ஆனந்த் அன்றும் எல்லாவற்றையும் வைத்தான்.

"தம்பி போன் பண்ணுவான்க்கா. எடுத்துப் பேசிருங்க" என்று ஆய்வக உதவியாளர் சீதாலட்சுமியிடம் சொன்னான்.

அம்மாவை மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு நேரே வந்திருந்தான். பக்கவாதம் வந்து தவக்காலத்திலிருந்தே படுக்கை. அன்று காலை மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கூட உட்கார ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள், தம்பி தைரியநாதன் ஏறிக்கொண்டான். ஆனந்த் பின்னாலேயே காரில் போயிருக்கலாம், யார் தடுத்தார்கள்? நேற்று கருவியில் ஓடவிட்ட களிமண் சுற்றிக்கொண்டிருக்கிறது, நிறுத்திவிட்டு வருகிறேன் என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கே கூசவில்லை, அதுதான் கோளாறு.

பார்க்க வந்தவர்களெல்லாம் 'ஆண்டவர் சீக்கிரம் கூட்டிக்கிட்டா நல்லது' என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் தம்பியும் அதையே சொல்ல வாயெடுத்தான். ஆனந்த் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். ஆனால் அம்மா பிழைக்க வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. துடைத்துவிட்டான், ஊட்டிவிட்டான், மனசு மட்டும் மரத்துக் கிடந்தது. பெற்றவள்மேல் பாசம் இவ்வளவுதானா என்று நினைக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே, சுண்டுவிரலைவிடச் சின்னக் குழாயில் வறுத்த களிமண் விசிலடித்தபடி சுழன்றது. பச்சை மண்ணில் ஒவ்வொரு அலுமினிய அணுவைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன் இருக்கும். சூளையில் தண்ணீர் வெளியேற, ஆறு ஐந்தாகும், நாலாகும். ஐந்துக்கான முகடு திரையில் எழுந்தால் மண் சிமெண்டுக்குப் பதமாக வெந்திருக்கிறது என்று அர்த்தம். முகடு லேசாகத் தலைகாட்டியது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று உட்கார்ந்துவிட்டான்.

கதவு திறந்தது. சீதாலட்சுமி எட்ட நின்றே, விசில் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள்.

"சார், அம்மா போய்ச் சேந்துட்டாகளாம்."

அவன் திரையிலிருந்து திரும்பவில்லை. "நல்லதுக்கா. முடிச்சுட்டு வாரேன்னு சொல்லிருங்க."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது. அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தான், கண் கலங்கியது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்தின் முகடும் நன்றாக எழுந்துவிட்டது. நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

சீதாலட்சுமி எழுந்து நின்றாள். "வண்டி சொல்லவா சார், வீட்டுக்கு?"

"வீட்டுக்கு எதுக்குக்கா? மதுரைக்குல்ல போகணும்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வழியில திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலயே பாத்துச் சொல்லிட்டாகளே சார். அங்கிட்டிருந்து வீட்டுக்குத்தான் கொண்டு வாராக."

மேசையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். மதுரைக்குப் போய்ச்சேரும் நேரமே ஆகியிருக்கவில்லை.

"நான் சொன்னதைத் தம்பிக்கிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லவே வேண்டியதில்ல சார். லைன்லதான் இருந்தாக."

அமராவதிபுதூர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தைரியநாதன் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லதுன்னு சொன்னீகள்லண்ணே, அதைக் கேட்டதுக்கப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. வண்டியில போகயில நானும் அதையேதான் வேண்டிக்கிட்டு இருந்தேன். பாவம் பண்ணிட்டமோன்னு பயந்து செத்தேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கு."

இல்லையடா, பிழைத்துவிட்டாள் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல ஆனந்த் வாயெடுத்தான். தம்பி கையை விடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாடா" என்றான் ஆனந்த்.